மகன் மகளுக்கு

ஒன்பது வருஷமாக ஒரு வீடு கோர்ட்டில் நிற்கிறது என்றால் கேட்கிறவர்கள் ஏதோ அரண்மனை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, மழை பெய்தால் மாடிப்படியில் வாளி வைக்க வேண்டும். வழக்கும் பெரிய வழக்கு இல்லை. ஒரு 'உம்' இருக்கிறதா இல்லையா, அதுதான் வழக்கு.

அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன உயில் ஒரே வரி. "எனக்குப் பின் இந்த வீடு என் மகன் மகளுக்கு." அவ்வளவுதான். கீழே கையெழுத்து, தேதி, சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். கடைசி பதினோரு வருஷம் கூடவே இருந்து அவருக்கு மருந்து கொடுத்து, நகம் வெட்டி, நடக்க வைத்த மகள் அந்தக் காகிதத்தை எடுத்து, மகனுக்கும் மகளுக்கும் என்று படித்தாள். அவளுடைய அண்ணன் அதே காகிதத்தை வாங்கி, மகனுடைய மகளுக்கு என்று படித்தான். அண்ணனுக்கு ஒரே பெண். அண்ணன் மகள், அக்கா மகள் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி மகன் மகள். இரண்டு பேர் படித்த விதமுமே நல்ல தமிழ்தான். அதுதான் வினையாகிப் போனது.

"நீ படிக்கிறது உனக்கு வசதியா இருக்கு" என்றான் அண்ணன்.

"நீ படிக்கிறது உனக்கு அசௌகரியமாவா இருக்கு?" என்று கேட்டாள் தங்கை. அன்றைக்கு நின்றது பேச்சு. மறு வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அப்பா மட்டும் இன்னும் நாலு வார்த்தை எழுதியிருந்தால் இத்தனை பாடு இல்லை. ஆனால் அவர் எழுத மாட்டார். முப்பது வருஷம் ஒரு பத்திரிகை ஆபீசில் வரி விளம்பரம் வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். வீடு வாடகைக்கு, நாய் காணவில்லை, வேலைக்கு ஆள் தேவை என்று ஜனங்கள் முழ நீளத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு எழுத்து அடுத்த வரியில் போய் விழுந்தாலும் அது ஒரு வரிதான். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து வெட்டுவார். வீட்டிலும் அதே பழக்கம். கடைக்குப் போகச் சொல்லி மகளுக்குச் சீட்டு எழுதினால் அதில் ஒரு "வாங்கி வா" கூட இருக்காது.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண் பரிசோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் உள்ள அட்டையைப் படிக்கச் சொல்லி, எந்த லென்ஸ் என்று முடிவு செய்வது அவள்தான். ஐம்பத்து நாலு வயசு. கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் புகுந்த வீடு ஒத்துவராமல் அப்பாவிடம் திரும்பி வந்தவள், இன்றைக்கும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வீடும் போனால் எங்காவது ஒரு அறை பிடித்துக்கொண்டு இருந்துவிடலாம், அது அவளுக்குத் தெரியும். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அந்த ஒரு வரியில் தான் இருக்கிறோமா, இல்லையா? அப்பா பேனாவை எடுத்து உட்கார்ந்தபோது அவர் மனசில் அவள் வந்தாளா, இல்லை பேத்தி மட்டும்தான் வந்தாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது. கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் கோர்ட்டைக் கேட்டாள். கோர்ட்டோ ஒன்பது வருஷமாக வாய்தா கொடுத்துக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு தமிழ்ப் பேராசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மனிதர் கழுத்துப்பட்டி வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உம்மைத்தொகையாகக் கொண்டால் மகனும் மகளும் என்றார். வேற்றுமைத்தொகையாகக் கொண்டால் மகனது மகள் என்றார். எப்படிக் கொள்வது என்று நீதிபதி கேட்டார். "இடையில் கமா இருந்தால் இருவர் என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன். கமா இல்லை என்பதற்காக ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. பெரும்பாலோர் கமா போடுவதே இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு வந்த வேலை முடிந்தது. இவர்களுக்குத்தான் முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பேத்திக்குப் பதினெட்டு முடிந்ததும் வழக்கு அவள் பெயருக்கே மாறியது. அதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் வந்து அண்ணன் பக்கத்தில் உட்காருவாள். வராந்தாவின் அந்தக் கோடியில் அவர்கள், இந்தக் கோடியில் அத்தைக்காரி. பிறந்ததிலிருந்து அத்தை மடியில் வளர்ந்த பெண். பொடிசு, பொடிசு என்று கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தில் கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பொடிசு இப்போது அந்தக் கோடியிலிருந்து அத்தையை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, ஒரு சிரிப்பு கூட இல்லாமல் உள்ளே போகும். முதல் தடவை அத்தை அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அப்புறம் அதுவும் பழகிப் போயிற்று.

"இப்படியே போனா நானும் ரிட்டயர் ஆயிடுவேன்மா" என்றார் அவளுடைய வக்கீல், போன வாய்தாவில். "பேராசிரியர் கமாவைச் சொல்லிட்டுப் போனார் பாருங்க, அதைப் பிடிச்சுக்கலாம். உங்க அப்பா எழுதினது வேற ஏதாவது கிடைக்குதான்னு பாருங்க. கமாவும் போடாம, உம்மும் போடாம எழுதறதுதான் அவர் பழக்கம்னு காட்டிட்டா போதும். பாதி வீடு உங்களுக்கு."

இதை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, இப்போதாவது தோன்றியதே என்று அவள் கடையில் லீவு சொல்லிவிட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போனாள்.

வரி விளம்பர ஜன்னல் இப்போது அங்கே இல்லை. இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் இயந்திரமும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. பழைய பிரதிகள் இருக்கும் அறையைக் காட்டினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்த்தாள். தூசியில் மூக்கு அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். எந்த விளம்பரத்தை அப்பா வெட்டினார், எதை வேறு ஆள் வெட்டினான் என்று யார் கண்டது. மூன்றாம் நாள், அந்தக் காலத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து, இப்போது ஆபீஸ் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க அவர் பொண்ணா? முகம் அப்படியே அச்சா இருக்கு. இருங்க, அவர் எழுதினது ஒண்ணு என்கிட்ட இருக்கு."

பீரோவின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு அட்டையைப் பெயர்த்து எடுத்துக் கொடுத்தாள். புதிதாக ஜன்னலுக்கு வருகிறவர்களுக்காக அப்பா எழுதி வைத்தது. சந்தேகமே இல்லை, அவர் கை. அந்த 'ழ'வுக்கு வால் கொஞ்சம் நீண்டுதான் இருக்கும்.

"தானே விளங்குவதை எழுத வேண்டாம்.

உம் வேண்டாம். கமா போதும்.

அண்ணன், மகன் என்றால் இருவர். அண்ணன் மகன் என்றால் ஒருவர்.

கமாவை மட்டும் விடாதே. விட்டால் ஆள் மாறிவிடும்."

அவள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அட்டை வேறு மாதிரி சொல்லவில்லை. அப்பா உம் போடாதவர்தான். ஆனால் இரண்டு பேர் என்றால் நடுவில் கமா போடாமல் விடவே மாட்டார். உயிலில் கமா இல்லை. ஒன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அப்பாவே பதில் சொல்லிவிட்டார். அந்த வரியில் அவள் இல்லை.

"உபயோகப்படுமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"படும்" என்றாள் அவள். அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினோரு வருஷம், ஒரு நாள் கூட வெளியூர் போகாமல். ஒரு கமா. கால் எழுத்துக்குக் கூட இடம் பிடிக்காத ஒரு கமா.

வக்கீலிடம் அவள் அட்டையைக் காட்டவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் மென்று முழுங்கினாள். கிழித்துப் போடவும் கை வரவில்லை. அதுவாட்டுக்குப் பையில் கிடந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை, முதலாளி வெளியே போயிருந்த நேரம், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு பொடிசு வந்து நின்றாள்.

"அத்தை, கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

அத்தை என்று கேட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா.

"கோர்ட்டுல என்னைப் பார்த்தா பார்க்காத மாதிரி போவே. இப்ப கண்ணு டெஸ்ட் பண்ண மட்டும் அத்தை வேணுமோ?"

"எப்ப அத்தை?" என்றாள் பொடிசு. "நான் எங்க பார்த்தேன்? பத்தடிக்கு அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியல. நீங்கதான் என்கிட்ட பேசலைன்னு நான் நினைச்சுட்டிருக்கேன்."

நாற்காலியில் உட்கார வைத்து எதிர்ச் சுவர் அட்டையைப் படிக்கச் சொன்னாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியிலேயே பெண் தடுமாறினாள். அடப் பாவி மகளே, நாலு வருஷமாக இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா ரோடு தாண்டினாய் என்று அத்தைக்குப் பதறியது. இதற்கா நான் அன்றைக்குப் பட்டினி கிடந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. கனத்த வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள்.

"நான் வேற ஒரு விஷயமாவும் வந்தேன்" என்றாள் பொடிசு, சட்டத்துக்குள்ளிருந்து. "முடிச்சுக்கலாம் அத்தை. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சண்டை போட்டுதான் சொல்லணும். ஆனா வீட்டுல விடிஞ்சா எழுந்தா இதே பேச்சு. எனக்குச் சலிச்சுப் போச்சு. உங்க பேரு என்ன தெரியுமா எங்க வீட்டுல? எதிர்க்கட்சி. 'எதிர்க்கட்சி இன்னைக்குப் பச்சைப் புடவையில வந்திருந்துச்சு', இப்படித்தான் அப்பா பேசுவார்."

அத்தை அடுத்த லென்ஸைப் போட்டாள். பாதி. ஒன்பது வருஷமாக அவள் கேட்டதும் அதுதான். கைப்பை அங்கேயே மேசைக்குக் கீழே இருந்தது. அதில் இருப்பது அவளுக்கும் சாமான் அறை அம்மாளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தலையை ஆட்டினால் போதும்.

"கடைசி வரியைப் படி" என்றாள்.

"தெரியல அத்தை. ஊகிச்சுச் சொல்லட்டுமா?"

"ஊகம் வேண்டாம். தெரியறதை மட்டும் சொல்லு."

ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்லுகிற வார்த்தை அது. சொல்லிப் பழகின வாய் தானாகவே சொன்னது. சொன்ன பிறகுதான் அது அவளையே பிடித்துக்கொண்டது. பாதியை வாங்கிக்கொண்டு போகலாம். வாங்கின பிறகு, அதே வீட்டின் கீழறையில் படுத்துக்கொண்டு, பையில் உள்ள அட்டையை இன்னும் எத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுவது? ஏற்கெனவே ஒன்பது வருஷம் அழுதாயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

குனிந்து பையை எடுத்தாள். அட்டையை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இதைப் படி. இது தெரியும். கிட்டத்துல வெச்சுப் படி."

பொடிசு அந்த வட்டச் சட்டத்தோடேயே படித்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கண்ணாடிக்குள் அவள் கண் சின்னதாகத் தெரிந்தது.

"தாத்தா எழுத்து" என்றாள்.

"ஆமா. பத்திரிகை ஆபீஸ்ல கிடைச்சுது. உயில்ல கமா இல்ல. அப்படின்னா ஒரு ஆள்தான். வீடு உனக்குத்தான் எழுதியிருக்கார், முழுசா. அந்த வரியில நான் இல்ல."

இந்த ஒன்பது வருஷத்தில் வழக்கைப் பற்றி அவள் பேசியதிலேயே இதுதான் சுருக்கம். அப்பா கேட்டிருந்தால் ஒரு எழுத்து கூட வெட்டியிருக்க மாட்டார்.

பொடிசு அத்தையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். கடைசியில், "இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத்தான் கொடுத்தேன்."

சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டையோடு போய்விட்டாள். அத்தை கண்ணாடி எண்ணைச் சீட்டில் எழுதி வைத்தாள். நாலு நாள் கழித்துக் கண்ணாடி தயாரானது. வாங்கிப் போக அவள் வரவில்லை, கூடப் படித்த பெண் யாரோ வந்து வாங்கிப் போனாள்.

வக்கீலிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, எதிர்க்கட்சிக்கு ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, கையில கொடுத்து, கண்ணாடியும் போட்டு அனுப்பியிருக்கீங்க. நான் எதுக்கும்மா இருக்கேன்? நானும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துக்கவா?"

"கோபப்படாதீங்க சார். எனக்கு முடியல."

"எனக்கு மட்டும் முடியுதா" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. அதுவும் அவள் கொடுத்த கண்ணாடிதான்.

வாய்தாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் மாடி அலமாரியைக் காலி செய்தாள். மழைக்கு வைக்கிற வாளியைக் கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாடகைக்கு ஒரு அறை பார்த்து வைத்தாள், கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஜன்னல் ஒன்றே ஒன்று. மனசுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், கூட இருக்கிறவளை எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று உங்கப்பா நினைத்திருப்பார் என்றார்கள். சொல்ல எளிது. எழுதாமல் விடப்பட்டவளுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

வாய்தா அன்று வராந்தாவின் இந்தக் கோடியில் அவள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். அந்தக் கோடியில் பொடிசு, மூக்கில் புதுக் கண்ணாடி. அங்கிருந்தே அத்தையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பிறகு எழுந்து நடந்து வந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது. வீட்டில் சண்டை பலமாகத்தான் நடந்திருக்கிறது.

"அட்டையில முதல் வரியைப் படிச்சீங்களா அத்தை?" என்றாள் பொடிசு. "தானே விளங்குவதை எழுத வேண்டாம். நீங்க அந்த வீட்டுல இருப்பீங்கங்கறது அவருக்குத் தானே விளங்கின விஷயம். அதான் எழுதல."

"யாருக்கு விளங்கிச்சு?" என்றாள் அத்தை. "எனக்கு விளங்கல. உங்கப்பனுக்கு விளங்கல. இந்தக் கோர்ட்டுக்கு ஒன்பது வருஷமா விளங்கல. எழுதியிருக்கலாம்ல? கூட ஒரு வரி எழுதினா அவர் சொத்தா போயிடும்?"

"அப்பா எழுத்து அப்படியே இருக்கு" என்றான் அண்ணன், அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"வாங்க" என்றாள் பொடிசு. "சமரச மனு போடறோம். பாதி பாதிதான். அன்னைக்குச் சொன்னேன் இல்ல, அதேதான். அட்டை என்கிட்டதான் இருக்கு, அதைக் கோர்ட்டுல கொடுக்கப் போறதில்ல."

"வீடு முழுசும் உன்னுதுடி. பைத்தியமா நீ?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

படிக்கட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டைப்பிஸ்டிடம் போனார்கள். அவர் கோர்ட்டில் பாதி சமரசத்தை அடித்தவர், கை தானாக ஓடும். யார் யார், என்ன உறவு என்று கேட்டு மேலே பெயர்களை எல்லாம் அடித்தார். அண்ணன் பெண் அத்தைக்கு மருமகள் முறைதானே, இனி இவர்கள் அத்தை என்றும் மருமகள் என்றும் குறிக்கப்படுவர் என்று அடித்தார். கடைசிக்கு வந்து, அடித்துக்கொண்டே வாசித்தார்.

"மேற்படி வீடு இனி அத்தை மருமகளுக்கு உரியது. சரியாம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அத்தையின் மருமகளுக்கு. இன்னொரு ஒன்பது வருஷம்.

"உம் போடுங்க" என்றாள். "ரெண்டு இடத்துலயும் போடுங்க."

டைப்பிஸ்ட் திரையை எட்டிப் பார்த்தார். "பக்கம் இதோட சரியா முடியுதும்மா. உம் போட்டா ஒரு வார்த்தை அடுத்த பக்கத்துக்குப் போயிடும். ஒத்தை வார்த்தைக்காக இன்னொரு பக்கமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பின்னாலிருந்து சொன்னான்.

"போகட்டும்ப்பா. உம் போடு."

அச்சடித்து வந்த இரண்டு பக்கத்தையும் அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள். மேற்படி வீடு இனி அத்தைக்கும் மருமகளுக்கும். அடுத்த பக்கத்தின் உச்சியில் 'உரியது' என்று தன்னந்தனியாக ஒரு வார்த்தை. அப்பா பார்த்திருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார். எழுதியது அவர் இல்லை, யாரோ ஒரு டைப்பிஸ்ட். அந்த வருத்தம் அவளுக்கு இனியும் போகாது. ஆனாலும் இந்த வரியில் அவள் இருந்தாள். கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள்.